சர்க்கரைக் குறைவு குறித்த அச்சமும் அதனை அளந்தறியும் வழியும்

(தோட்ட மக்களுக்காக ஆற்றப்பட்ட உரை)



நமது தோட்டங்களில் அளக்கப்படாத பொருள் மிகக் குறைவு. வெட்டி எடுத்த பால் நாள்தோறும் நிறுக்கப்படுகிறது. அப்பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று கணக்கிடப்படுகிறது. மரத்தின் பட்டை எவ்வளவு செலவாயிற்று என்பதுகூடப் பார்க்கப்படுகிறது. நோயையும் நாம் இவ்வாறே அளக்கிறோம். காய்ச்சலுக்கு வெப்பமானி இருக்கிறது. இரத்த அழுத்தத்திற்கு ஒரு கருவி இருக்கிறது. இரத்தத்திலுள்ள சர்க்கரைக்கு மற்றொரு கருவி இருக்கிறது. ஆனால் மனத்தில் மறைந்திருக்கும் அச்சத்தை அளக்க முடியுமா? முடியும் என்பதே மருத்துவ அறிஞர்களின் விடை. நீரிழிவு நோயாளிகளுக்கு ஏற்படும் ஒரு தனிப்பட்ட அச்சத்தை எவ்வாறு அளக்கின்றனர், அதனால் நமக்கு என்ன பயன் என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம்.

நாம் இனிப்பு நீர் என்று வழங்கும் நீரிழிவு நோய் நமக்குப் புதியதன்று. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடைபெற்ற தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பது தெரியவந்தது. 2023ஆம் ஆண்டின் ஆய்வில் அது 15.6 விழுக்காடாக இருந்தது. அதாவது, ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர். இந்திய வம்சாவளியினரிடையே இந்நோய் மிகுதி என்பதும் நாம் அறிந்த செய்தியே. ஆகவே, இது அடுத்த வீட்டுச் செய்தி அன்று. நமது வீட்டுச் செய்தி.

சர்க்கரை மிகுந்தால் என்ன தீங்கு விளையும் என்பதைப் பலரும் எடுத்துரைத்துள்ளனர். கண் பார்வை குன்றும், சிறுநீரகம் பழுதுபடும், காலில் புண் ஆறாது, இருதயம் நலியும். ஆனால் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைவதைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. இரத்தத்தில் சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் அதனைச் சர்க்கரைக் குறைவு என்பர். 3 மில்லிமோலுக்குக் கீழே சென்றால் அது கடுமையான நிலை. முதலில் உடல் வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், கடும்பசி எடுக்கும். பின்னர் மூளைக்குப் போதிய சர்க்கரை கிடைக்காமல் பார்வை மங்கும், பேச்சு குழறும், காரணமின்றிச் சினம் தோன்றும், முடிவில் நினைவும் தப்பக்கூடும்.

இந்நிலை எல்லா நீரிழிவு நோயாளிகளுக்கும் வருவதில்லை என்பதை இங்கே தெளிவாகக் கூறவேண்டும். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோருக்கும், கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்கச் செய்யும் கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற மாத்திரைகளை உண்போருக்குமே இந்த இடர் மிகுதி. மெட்ஃபார்மின் மாத்திரையை மட்டும் உண்போருக்கு இது அரிதாகவே நேரும். தாம் உண்ணும் மருந்து எவ்வகையைச் சேர்ந்தது என்பதை ஒவ்வொருவரும் கேட்டறிந்துகொள்வது முதற்கடமையாகும். தேவையற்ற அச்சத்தில் பாதி அந்த ஒரு கேள்வியிலேயே நீங்கிவிடும்.

தோட்ட வேலையையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பார்ப்போம். பால் நன்கு வடிவது குளிர்ந்த காலை வேளையில். ஆதலால் விடியுமுன்பே மரம் வெட்டத் தொடங்குகிறோம். சிலர் வெறுந்தேநீரோடு புறப்பட்டுவிடுகின்றனர். மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து, பின்னர் பால் வாளியைச் சுமக்கும் உழைப்பில் உடல் சர்க்கரையை விரைவாகச் செலவிடுகிறது. கடும் உழைப்பின் விளைவு வேலை முடிந்த பின்னரும் பல மணி நேரம் நீடிப்பதால், அன்றிரவு உறக்கத்திலும் சர்க்கரை இறங்கக்கூடும். நிரையில் தனித்து நிற்கும் ஒருவர் மயங்கி விழுந்தால் உடனே பார்ப்பாரும் இல்லை. ஆகவே, நம்மவர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. அவ்வச்சத்தைக் கோழைத்தனம் என்று எவரும் இகழ்ந்துவிடக் கூடாது.

இவ்வச்சத்திற்கு அடிப்படை உண்டு என்பதை ஆராய்ச்சியும் காட்டியுள்ளது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்சுலின் இன்றி வாழ இயலாத முதலாம் வகை நீரிழிவு நோயாளிகள் 1,441 பேரிடம் நடத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வின் முடிவுகள் 1993ஆம் ஆண்டில் வெளிவந்தன. சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் கேடுகள் பெரிதும் குறைந்தன. ஆனால் அவர்களிடையே கடுமையான சர்க்கரைக் குறைவு ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுந்திருந்தது. ஒரு பக்கம் நன்மை, மறு பக்கம் இடர். இவ்விரண்டுக்கும் இடையில்தான் நோயாளி நாள்தோறும் நடக்கவேண்டியிருக்கிறது.

இனி, சொல்லாமல் மறைக்கப்படும் அச்சம் எவ்வாறு தீங்காக மாறுகிறது என்பதைக் காண்போம். எடுத்துக்காட்டாக ஒரு தொழிலாளியை எண்ணிக்கொள்வோம். ஒருநாள் நிரையில் அவருக்குத் தலை சுற்றி, உடல் வியர்த்து, கால் தள்ளாடிவிடுகிறது. அன்றுமுதல் அவர் 20 அலகு இன்சுலினுக்குப் பதிலாக 12 அலகு மட்டும் போட்டுக்கொள்கிறார். சீனி மிகுந்த தேநீரையும் கையோடு எடுத்துச் சென்று, பசி இல்லாதபோதும் பருகுகிறார். மயக்கம் வரவில்லை. ஆனால் சர்க்கரை ஏறி நிற்கிறது. சுகாதார நிலையத்தில் மருத்துவர் கேட்கிறார்: “மருந்தை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறீர்களா?” இவரோ, “ஆமாம், டாக்டர்” என்று தலையசைக்கிறார். 20 அலகு போதவில்லை என்று கருதிய மருத்துவர் அதனை 26 ஆக உயர்த்துகிறார். புதிய அளவைக் கண்டு இவருக்கு அச்சம் இன்னும் மிகுகிறது, மேலும் குறைக்கிறார்.

பின்னர் ஒருநாள் காலில் புண் ஏற்பட்டு இவர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே தாதியர் அட்டையில் எழுதியுள்ளபடி 26 அலகையும் போடுகின்றனர். உடலுக்கு ஒருபோதும் பழகாத அளவு அது. இதுவரை மனத்தில் மட்டும் இருந்த ஆபத்து அன்று மெய்யாகவே நேர்ந்துவிடுகிறது. இதில் மருத்துவர்மீதும் குற்றமில்லை, தாதியர்மீதும் குற்றமில்லை, அஞ்சிய தொழிலாளியும் தீயவர் அல்லர். அச்சம் என்ற ஒன்று கணக்கில் சேர்க்கப்படாமையே எல்லாவற்றுக்கும் காரணம். நிறுக்காமல் விட்ட பாலுக்குக் கணக்கு சரிவராதது போல, அளக்காமல் விட்ட அச்சத்தாலும் மருந்தின் கணக்கு தவறிவிடுகிறது.

இக்குறையை நீக்க முன்வந்தோர் அமெரிக்காவின் வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியல் அறிஞர்கள். டேனியல் காக்ஸ் என்பவரும், லிண்டா காண்டர் ஃபிரெடெரிக் என்பவரும், அவர்தம் குழுவினரும் 1987ஆம் ஆண்டில் சர்க்கரைக் குறைவு அச்சத்தை அளக்கும் வினாப்பட்டியல் ஒன்றை வெளியிட்டனர். பின்னர் அது திருத்தி அமைக்கப்பட்டது. அத்திருத்திய பட்டியலில் 33 வினாக்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்றால் 0 என்றும், ‘பெரும்பாலும் எப்பொழுதும்’ என்றால் 4 என்றும், இடைநிலைகளுக்கு 1, 2, 3 என்றும் மதிப்பெண் இடப்படும். ஊசியில்லை, இரத்தம் எடுப்பதில்லை, செலவில்லை. ஒரு தாளும் எழுதுகோலும் போதும். இப்பட்டியல் பல நாட்டு மொழிகளில் ஆக்கப்பட்டுப் பயன்படுத்தப்பட்டு வருகிறது. நோயுற்ற குழந்தைகளின் பெற்றோருக்கென்றும் தனிப் பட்டியல் உண்டு; ஏனெனில், இரவெல்லாம் விழித்திருந்து அஞ்சுவோர் நோயாளிகள் மட்டுமல்லர்.

இப்பட்டியலின் சிறப்பு, அதனை இரண்டு பகுதிகளாகப் பிரித்திருப்பதாகும். 18 வினாக்கள் கவலையைப் பற்றியவை. பலர் முன்னிலையில் மயங்கி விழுந்துவிடுவோமோ, அருகில் உதவி செய்ய ஆளில்லாமற் போகுமோ, கையில் உண்பதற்கு ஒன்றும் இல்லாமற் போகுமோ என்பன போன்ற எண்ணங்களை இவை வினவுகின்றன. மற்ற 15 வினாக்கள் செயலைப் பற்றியவை. அச்சத்தினால் ஒருவர் வேண்டுமென்றே சர்க்கரையை உயர்த்தி வைத்துக்கொள்கிறாரா, மிகுதியாக உண்கிறாரா, உடற்பயிற்சியைத் தவிர்க்கிறாரா என்பவற்றை இவை ஆராய்கின்றன. ஒருவர் மனத்தில் மிகக் கவலைப்படலாம். ஆனால் மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்ளலாம். மற்றொருவர், “எனக்கென்ன பயம்?” என்று கூறிக்கொண்டே நாள்தோறும் மருந்தைக் குறைக்கலாம். இருவருக்கும் வேண்டிய உதவி ஒன்றன்று. ஆதலால்தான் கவலையைத் தனியாகவும் செயலைத் தனியாகவும் அளக்கின்றனர்.

இத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் நோய், இத்தனைக்குக் கீழ் நலம் என்று எல்லாருக்கும் பொதுவான ஓர் எல்லைக்கோடு இதில் இல்லை. இது தேர்வும் அன்று. தேறுவதும் தோற்பதும் இங்கில்லை. மதிப்பெண்ணை அந்த நோயாளியின் உண்மை நிலையோடு ஒப்பிட்டே மருத்துவர் பொருள் காண்பார். அடிக்கடி சர்க்கரை இறங்கும் ஒருவருக்கு அச்சமும் மிகுந்திருந்தால், அவ்வச்சம் நல்ல காவலாளியாகும். அங்கே மாற்றப்பட வேண்டியது மருந்தின் அளவே. சர்க்கரை இறங்குவதே அரிதாக இருந்தும் அச்சம் மிகுந்திருந்தால், அவருக்குத் தேவை விளக்கமும் துணையுமாகும். அடிக்கடி சர்க்கரை இறங்கியும் அச்சமே இல்லாதிருப்பவர் மூன்றாவது வகையினர். இவரைக் குறித்துத்தான் மருத்துவர் மிகவும் கவலைப்படுவார். ஏனெனில், பலமுறை சர்க்கரை இறங்கிப் பழகிய உடலில் வியர்வை, நடுக்கம் ஆகிய முன்னறிவிப்புகள் மங்கிவிடுவதுண்டு. ஆகவே, அச்சம் முற்றிலும் ஒழியவேண்டும் என்பது நமது நோக்கமன்று. அது அளவோடும் அறிவோடும் இருக்கவேண்டும் என்பதே நோக்கம்.

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்பது பழமொழி. இங்கே அது முற்றிலும் பொருந்துகிறது. அஞ்சுகிறவருக்கும் வியர்க்கிறது, கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. சர்க்கரை இறங்கியவருக்கும் அவ்வாறே நிகழ்கிறது. இரண்டையும் வேறுபடுத்தி அறிவது கடினம். இதற்கு ஒரு பயிற்சி உண்டு. வெர்ஜீனியா அறிஞர்களே வகுத்தது. உடலில் மாறுதல் தோன்றும்போது, ‘இப்போது என் சர்க்கரை இவ்வளவு இருக்கும்’ என்று முதலில் மனத்தில் கணித்து எழுதிக்கொள்ளவேண்டும். பின்னர் கருவியால் சோதித்து, உண்மை அளவை அதன் பக்கத்தில் எழுதவேண்டும். நாளடைவில் நமது உடல் பேசும் மொழி நமக்கே விளங்கிவிடும். வீட்டில் கருவி வைத்திருப்போர் இதனை மேற்கொள்ளலாம். ஒருவர் பயன்படுத்திய ஊசிமுனையை மற்றொருவர் பயன்படுத்துதல் ஒருபோதும் கூடாது. கருவி இல்லாதவர், ஐயம் தோன்றினால், சர்க்கரை இறங்கிவிட்டதாகவே கொண்டு இனிப்பு உண்பது பாதுகாப்பானது.

அறிஞர்களின் முழுப் பட்டியலைப் பயன்படுத்துவது மருத்துவத் துறையினரின் பணி. ஆயினும், நமது தோட்ட வாழ்க்கைக்கு ஏற்ற ஐந்து கேள்விகளை நாமே நம்மைக் கேட்டுக்கொள்வதில் தவறில்லை. கடந்த ஒரு மாதத்தை நினைத்துப் பாருங்கள்.

முதலாவது: நிரையில் தனியாக வேலை செய்யும் நாளில் மருந்தை வேண்டுமென்றே குறைத்தோமா?

இரண்டாவது: பசி இல்லாதபோதும், சர்க்கரை இறங்கிவிடக் கூடாதென்று இனிப்பு உண்டோமா?

மூன்றாவது: உறக்கத்தில் சர்க்கரை இறங்கிவிடுமோ என்று எண்ணி உறங்காமல் இருந்தோமா?

நான்காவது: தடுமாறி விழுந்தால், குடித்துவிட்டதாகப் பிறர் பேசுவார்களே என்று கவலைப்பட்டோமா?

ஐந்தாவது: மோட்டார் சைக்கிளில் செல்லும்போது நினைவு தப்பிவிடுமோ என்று அஞ்சினோமா?

ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை நீங்களே மதிப்பெண் இடுங்கள். இவற்றைக் கூட்டிப் பார்த்து முடிவு கட்டவேண்டாம். எந்தக் கேள்விக்கு 3 அல்லது 4 வந்ததோ, அந்தக் கேள்வியையும் விடையையும் அப்படியே சுகாதார நிலையத்தில் கூறுங்கள். எழுத இயலாதவர் வாயால் கூறலாம். “டாக்டர், மரம் வெட்டப் போகும் நாளில் பயந்துகொண்டு ஊசியைக் குறைத்துவிடுகிறேன்” என்ற ஒரே வாக்கியம் போதும். அவ்வாக்கியம் மருத்துவரின் சிகிச்சை முறையையே மாற்றிவிடக்கூடும்.

உண்மையைக் கூறினால் மருத்துவர் கடிந்துகொள்வாரோ என்று எண்ணிச் சிலர் தயங்குகின்றனர். ஆனால் உண்மை தெரிந்தால்தான் அவரால் உதவ முடியும். வேலை தொடங்கும் நேரத்தையும், முதல் உணவு உண்ணும் நேரத்தையும், வேலையின் கடுமையையும் அறிந்தால், அவர் ஊசியின் அளவையோ நேரத்தையோ மாற்றலாம். சர்க்கரையை அவ்வளவாக இறக்காத வேறு மருந்தைத் தரலாம். வேலை நாளுக்கு ஓர் அளவு, ஓய்வு நாளுக்கு ஓர் அளவு என்றும் வகுக்கலாம். முதியோருக்குச் சற்றுத் தளர்வான இலக்கையும் அவர் குறிக்கலாம். இவை யாவும் மருத்துவர் செய்யவேண்டிய மாற்றங்கள். நாமாகவே மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் கூடா. விரதம் இருக்க எண்ணுவோரும் முன்கூட்டியே அவரைக் கலந்துகொள்வது நலம்.

அச்சத்தைக் குறைக்கும் மிகச் சிறந்த மருந்து ஆயத்தமாக இருப்பதே. வேலைக்குப் புறப்படுமுன் ஏதேனும் உண்ணவேண்டும். மூன்று தேக்கரண்டிச் சீனியை ஒரு சிறு பொட்டலமாகக் கட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளவேண்டும். சர்க்கரை இறங்குவதாக உணர்ந்தால், வெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து, அச்சீனியைத் தண்ணீரில் கலந்து பருகவேண்டும். 15 நிமிடம் பொறுத்திருந்து, குணமாகாவிடில் மீண்டும் ஒருமுறை அவ்வாறே செய்யவேண்டும். தெளிந்த பின்னர் ரொட்டியோ சோறோ உண்ணவேண்டும். கொழுப்பு மிகுந்த பலகாரமும் சாக்லேட்டும் இதற்கு ஏற்றவை அல்ல. அவற்றிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் சேரத் தாமதமாகும். மதுவும் வேண்டா. மது அருந்திய உடலில், ஈரல் தேவையான சர்க்கரையை வெளியிட இயலாமற் போகும்.

உடனிருப்போருக்கும் இதில் பங்கு உண்டு. பக்கத்து நிரையில் வெட்டுபவரிடமும் மண்டோரிடமும், “எனக்கு இனிப்பு நீர், நான் தடுமாறினால் சீனித் தண்ணீர் கொடுங்கள்” என்று முன்னரே கூறிவைத்தால், பாதி அச்சம் அகன்றுவிடும். நினைவு தப்பியவரின் வாயில் தண்ணீரோ உணவோ ஊற்றவும் திணிக்கவும் கூடாது, மூச்சடைத்துவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, 999 என்ற எண்ணுக்கு உடனே தொலைபேசி வழி செய்தி தெரிவிக்கவேண்டும். நிறுவை குறைந்துவிடுமே என்று கருதி, தலைசுற்றலோடு மரம் வெட்டுபவரைக் கண்டால், உட்காரச் சொல்லுங்கள். 15 நிமிட ஓய்வு ஒரு நாள் கூலியைப் பறித்துவிடாது. ஓர் உயிரைக் காத்துவிடக்கூடும்.

இல்லத்தரசியருக்கும் ஒரு சொல். கணவர் இனிப்பை எடுத்து உண்ணும்போது, “மறுபடியும் இனிப்பா?” என்று கடிவதற்கு முன், “என்னங்க, உடம்பு தள்ளாடுகிறதா? பயமாக இருக்கிறதா?” என்று கேட்டுப் பாருங்கள். ஆசையினால் உண்கிறாரா, அச்சத்தினால் உண்கிறாரா என்பது அந்தக் கேள்வியில் தெரிந்துவிடும். ஆசைக்குக் கட்டுப்பாடு மருந்து. அச்சத்திற்கு மருத்துவரோடு மனம் திறந்து பேசுவதே மருந்து.

இன்சுலின் 1921ஆம் ஆண்டில் கனடாவின் டொரோண்டோ நகரில் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே நோயாளிகளுக்குச் செலுத்தப்பட்டது. அதற்கு முன் முதலாம் வகை நீரிழிவு நோயாளிகளுக்கு வாழ்வே அரிதாக இருந்தது. அத்தகைய அரிய மருந்தை அச்சத்தினால் பாதி கொட்டிவிடுவது பேரிழப்பாகும். ஆகவே, அடுத்த முறை சுகாதார நிலையத்திற்குச் செல்லும்போது, மருந்து அட்டையோடு உங்கள் அச்சத்தையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். ஐந்து கேள்விகளுக்கும் விடையைக் குறித்துக்கொண்டு சென்று, மறைக்காமல் கூறுங்கள். அளக்கப்பட்ட அச்சத்திற்கு மருத்துவரால் வழி காண முடியும். அதனால் நமது உழைப்பும், நமது குடும்பமும் காக்கப்படும்.